ஸ்லைடின் தடித்த பக்கம்

மகளுக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல். கழுத்தில் நெறி கட்டி, முகம் வெளுத்துக் கிடந்தாள். வைரஸ் காய்ச்சலாக இருக்கும் என்று குழந்தை மருத்துவர் சொல்லிவிட்டார். வேறு அம்மாவாக இருந்தால் அதோடு விட்டிருப்பாள். நான் நோயியல் டாக்டர். செகந்திராபாத்தில் ஒரு லேபில் நாள் முழுக்க ஊரார் ரத்தத்தைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. சும்மா இருக்க முடியுமா? அவளை லேபுக்கே கூட்டிப்போய், விரலில் குத்தி, ஒரு சொட்டை ஸ்லைடில் இழுத்து, சாயமிட்டு, மைக்ரோஸ்கோப்பில் வைத்துவிட்டேன்.

ரத்தத்துக்கு எதையும் ஒளிக்கத் தெரியாது. இரும்புச்சத்து குறைந்தால் சிவப்பணு வெளிறிச் சிறுத்துவிடும். மலேரியா என்றால் அதற்குள்ளேயே கிருமி சின்ன மோதிரம் மாதிரி உட்கார்ந்திருக்கும். டெங்கு வந்தால் பிளேட்லெட்டைத் தேட வேண்டியிருக்கும். இதையெல்லாம் தினமும் அலட்டிக்கொள்ளாமல் எழுதித் தள்ளுகிறவள் நான். அன்று கண்ணில் பட்டவை பெரிய பெரிய வெள்ளணுக்கள். ஒவ்வொன்றும் கருகருவென்று இருந்தது. ரத்தப் புற்றுநோய் என்றே முடிவுகட்டிவிட்டேன்.

எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி பார்த்தேன். பார்க்கப் பார்க்க அவை பெருகுவது போலிருந்தது. மாதாப்பூர் ஆபீஸிலிருந்து கணவர் போன் மேல் போன் போட்டார். என்னவென்று சொல்வது? எடுக்கவில்லை. சொந்தக்காரர் ஸ்லைடை நாமே படிக்கக் கூடாது என்பது எங்கள் லேப் வழக்கம். ஏன் அப்படி வைத்தார்கள் என்று அன்றுதான் புரிந்தது.

உடன் வேலை பார்த்த தோழி செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழச்சி. ஊர் உருது ஒட்டிக்கொண்ட தமிழ் அவளுடையது; ‘ஏன்’ என்பதற்குக் ‘கைக்கு’ என்பாள், ‘வேண்டாம்’ என்பதற்கு ‘நக்கோ’, ‘ஆமாம்’ என்பதற்கு ‘ஹவ்’. என் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"கைக்கு இப்டி அல்லாடுறே? நவுரு."

என்னைக் கிளப்பிவிட்டு உட்கார்ந்தவள், கண்ணை வைத்ததும் சிரித்துவிட்டாள்.

"ஏன்டி, ரத்தம் தடிச்ச பக்கத்துலயா பாத்துட்டிருந்தே? அங்க எல்லாம் நெருக்கியடிச்சுக் கெடக்கும், ஒரு செல்லோட மூஞ்சியும் சரியாத் தெரியாது. நேத்து சேந்த பொண்ணுகூட மெல்லிசா இருக்கிற எடத்துலதான் பாக்கும்."

ஸ்லைடை நகர்த்தினாள். "டென்ஷன் நக்கோ. நீயே பாரு."

பார்த்தேன். அதே வெள்ளணுக்கள்தான். ஆனால் இங்கே இடம் கிடைத்ததும் விரிந்து, விளிம்பு வளைந்து, பக்கத்துச் சிவப்பணுக்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றன. வைரஸோடு மல்லுக்கட்டும் அணுக்கள் அப்படித்தான் செய்யும். எத்தனை பிள்ளைகளின் ஸ்லைடில் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பியிருக்கிறேன்! என் பிள்ளை என்றதும் படித்ததெல்லாம் எங்கே போனதோ.

"வைரஸ்தானே? நல்லாப் பாத்தியா?"

"ஹவ், வைரல்தான். எத்தன வாட்டி கேப்பே?"

வெளியே பெஞ்சில், விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டு மகள் உட்கார்ந்திருந்தாள். அப்படியே வாரி அணைத்துக்கொண்டேன்.

"வதுலம்மா," என்று நெளிந்தாள். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததிலிருந்து தெலுங்கில்தான் பதில் சொல்வாள். விடும்மா என்கிறாள்.

எனக்கா புரியாது? விடத்தான் முடியவில்லை.