அவன் வாய் திறக்கும் இடம்

எனக்கு எழுபத்தைந்து வயது ஆகிறது. பெற்று வளர்த்தது ஐந்து. தாராவியில் ஒற்றை அறையில் வைத்து வளர்த்தேன். ஒருத்தரிடமும் போய்க் கை நீட்டியதில்லை. இப்போது இருப்பது நான்கு.

போனவன் மூத்தவன். கடைசிப் பெண்ணின் கல்யாணம் செம்பூரில் நடந்தது. அதற்கு அடுத்த மழையில் காய்ச்சல் கண்டு போய்விட்டான். கல்யாண சிடியில் அவன் பந்தி பரிமாறுவது இருந்தது, பேச்சு இல்லை. போன மாதம் வீடியோக்காரர் கடையை மூடும்போது, வெட்டாத பதிவு முழுவதையும் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். அதில் அவன் மைக்கைப் பிடித்து என்னவோ சொல்கிறான். அன்றைக்கு நாதஸ்வரச் சத்தத்தில் என் காதில் விழவில்லை. அதைக் கேட்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

கடைசிப் பெண்ணின் மகள் தன் லேப்டாப்பில் போட்டாள். வந்த சனமெல்லாம் நடப்பதும் நிற்பதுமாக இருந்தது. பேச்சு முன்னால் ஓடியது, வாய் பின்னால் அசைந்தது. அவன் வாய் திறந்த இடத்தில் படம் கல்லாக நின்றது. பிறகு ஒரே குதியாக, அவன் மைக்கைத் திருப்பிக் கொடுக்கிற இடத்துக்குப் போய்விட்டது.

“ஃபைல் ரொம்ப ஹெவி, ஆச்சி. ஹெச்டி. லேப்டாப் பழசு, அடக் ஆவுது,” என்றாள். சிக்கி நிற்பதற்கு இங்கே அதுதான் சொல்.

“கல்யாணத்துல எல்லாரும் ஒழுங்காத்தானட்டி நடந்தாவ?”

அவள் பென்டிரைவிலிருந்து லேப்டாப்புக்குள் இறக்கிப் பார்த்தாள். திறந்து கிடந்த மற்றதையெல்லாம் மூடினாள். சார்ஜரைச் சொருகினாள்; பேட்டரியில் மெதுவாகத்தான் ஓடுமாம். சூடாகிறது என்று விசிறியை அதன் பக்கம் திருப்பினாள். எனக்கு வேர்த்தது. வேறொரு பிளேயரில் போட்டாள். கொஞ்சம் ஓடியது, அவனிடம் வந்து நின்றது.

“சைஸைக் கம்மி பண்ணி ஒரு காப்பி எடுக்கட்டா?”

“சின்னதாக்குனா அவன் மூஞ்சி அழிஞ்சிராதா?”

“ஒரிஜினல் அப்படியே இருக்கும் ஆச்சி. டென்ஷன் ஆவாத.”

நான் சோறு பொங்கி, தின்று, பாத்திரம் கழுவி முடிக்கிற வரைக்கும் அது காப்பி ஆகிக்கொண்டிருந்தது. பிறகு போட்டாள். மாலை, பந்தி, ஓடுகிற பிள்ளைகள், எல்லாம் தண்ணீராக ஓடின. அவன் வந்தான். மைக்கைப் பிடித்தான்.

“அ... அ... அம்...”

“சே! இன்னும் அடக் ஆவுது,” என்று நிறுத்தப் போனாள். கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அது ஒன் லேப்டாப் இல்லட்டி. ஒன் மாமன் அப்படித்தான் பேசுவான்.”

அவள் பிறக்கும் முன்னே போனவன். திக்குவாய் என்று யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. சந்துப் பிள்ளைகள் ‘ஹக்லா’ என்று அவனைக் கேலி பேசியதும், நான் துடைப்பத்தோடு ஓடியதும் அவளுக்கு எப்படித் தெரியும்? வீட்டில் நாங்கள் அவன் வாயிலிருந்து சொல்லைப் பிடுங்க மாட்டோம். அவனே முடிக்கட்டும் என்று இருப்போம்.

இருந்தோம்.

“அம்மா, எ... எவ்ளோ நேரம் நி... நிப்ப? கா... கால் வலிக்கும்லா. உ... உக்காரு.”

கேமராவுக்குப் பின்னால் நான்தான் நின்றிருக்கிறேன். அவ்வளவுதான் அவன் சொன்னது. மைக்கைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். திருப்பிப் போடவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அன்றைக்கு நான் உட்காரவில்லை. இப்போது உட்கார்ந்திருக்கிறேன் என்று அவனிடம் சொல்ல வழியில்லை.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும்; இதையும் அப்படித்தான் எழுதினேன். பேத்திக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும்.

ஏட்டி, இத வாசிச்சுக் காட்டு. அடக் ஆனா ஆவட்டும். நான் உக்காந்துதான இருக்கேன்.