மாலை போட்ட ஆரோக்கியம்

1. முதல் ஷாட்

ராத்திரி எட்டு மணி சீரியல். ஒரு சந்து, நாலு குடும்பம், அவர்கள் சண்டை சமாதானம், அதுதான் கதை. இருங்காட்டுக்கோட்டையில் கம்பெனி ஆட்கள் குடியிருக்கும் நிஜச் சந்திலேயே எடுத்தோம். நான் ஆர்ட் அசிஸ்டென்ட். கன்டினியூட்டியும் என் தலையில்தான்.

முதல் ஷாட் ரெடி. கதாநாயகி செத்துப்போன புருஷன் படத்தின் முன்னால் அழ வேண்டும். மாலை வந்துவிட்டது. படத்தைச் சென்னையிலேயே விட்டுவிட்டேன்.

"மாலைய உன் கழுத்துல போட்டு நிக்க வெக்கட்டா?" என்றார் டைரக்டர்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. நாங்கள் முன்அறையை வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் சுவரில் வீட்டுக்காரர் ஆரோக்கியத்தின் படம் இருந்தது. கார் கம்பெனியில் லைன் ஆபரேட்டர். ஷிஃப்ட் முடிந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். தயங்கித்தான் கேட்டேன்.

"போட்டுக்க சார். டிவில வருவேன்ல?" என்று சிரித்தார்.

அவர் மனைவி ஸ்டெல்லா வேலைக்குப் போயிருந்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. படத்தின் கண்ணாடியில் குங்குமப் பொட்டு வைத்து மாலையை மாட்டினேன்.

2. கன்டினியூட்டி

முதல் நாள் சுவரில் இருந்தது எல்லா நாளும் இருக்க வேண்டும். அந்தக் குடும்பம் மாலை போட்ட படத்துக்குக் கீழேதான் சாப்பிட்டது.

சீரியல் ஓட ஆரம்பித்ததும் ஆரோக்கியத்துக்குப் பெருமை. பிறகு ஒரு நாள் சாயந்திரம், எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் அவரைக் குழாயடியில் பார்த்துக் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். சந்தே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு பேச்சும் குறைந்தது. ஷிஃப்ட் இல்லாத நாட்களில் கேமராவுக்குப் பின்னால் வந்து நின்று, கதாநாயகி அழுவதையே பார்ப்பார்.

"அண்ணா, அவர அங்க நிக்க வேணாம்னு சொல்லுங்க" என்றார் அந்த நடிகை. "யார் முன்னாடி அழறேன்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

ஸ்டெல்லா என்னை வாசலில் மறித்தார். "இன்னா சார் இது? உயிரோட கீற மனுசனுக்கு தெனம் மாலை. எட்டு மணி ஆனா அந்தப் பொம்பள கூட சேந்து இவரும் அழுவுறாரு. கழட்டிடு சார்."

டைரக்டரிடம் சொன்னேன்.

"எடுத்த புட்டேஜ் எல்லாத்தையும் தூக்கிப் போடவா? நீதானய்யா கன்டினியூட்டி?"

மறுநாளும் நானே மாலையை மாட்டினேன். இன்றைக்கும் அது எனக்கு வெட்கம்தான்.

3. பேக்கப்

மூன்று மாதம்கூட ஓடவில்லை. சேனல் திடீரென்று நிறுத்தியது. அவசரத்தில் சாமான்களோடு படமும் லாரி ஏறி, வாடகைக்குப் பொருள் விடும் குடோனுக்குப் போய்விட்டது. அடுத்த வாரம் கொண்டுவருவதாக ஸ்டெல்லாவிடம் சொன்னேன். புது வேலை வந்தது, மறந்துவிட்டேன்.

ஒரு நாள் ஸ்டெல்லா போன் செய்தார். "சார், டிவிய போடு. வேற சீரியல்."

போட்டேன். வேறு வீடு, வேறு சுவர், வேறு ஒரு பெண் அழுகிறாள். சுவரில் ஆரோக்கியம், புது மாலையோடு.

"அவர் எங்கம்மா?"

"டிவி கிட்டக்க நின்னுகினு கீறாரு. 'மொத பொம்பள அளவுக்கு இவ அழுவல'ன்றாரு."

மறுநாள் அந்த செட்டுக்கே போய்ச் சண்டை போட்டுப் படத்தைக் கழற்றினேன். பொட்டைச் சுரண்டி, கண்ணாடியைத் துடைத்து இருங்காட்டுக்கோட்டைக்குக் கொண்டுபோனேன். ஸ்டெல்லா கண் கலங்கி வாங்கி, ஆரோக்கியத்தின் கையில் கொடுத்தார். அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"மாலை எங்க சார்?" என்றார்.

ஆர்ட் டிபார்ட்மென்ட்டுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போடாதீர்கள். டைரக்டர் கத்தினால் கத்தட்டும், ஷாட் நின்றால் நிற்கட்டும்.