கார்டினாலின் கன்னத்து மரு

இத்தாலியில் கார்தோனே என்ற ஊரில் துப்பாக்கி செய்யாத வீடு கிடையாது. துப்பாக்கியைத் தூக்கிச் சுடத் தெரிந்த வீடுகள் கொஞ்சம்தான். ஒர்சோலாவுக்கும் தெரியாது. கல்யாண வயதிலிருந்து ஒரு பட்டறையில் துப்பாக்கிக் கட்டைகளுக்கு மெருகேற்றிக்கொண்டிருந்தாள். நாற்பதைத் தாண்டியதும் வார்னிஷ் நெடி நெஞ்சில் இறங்கி, இருமினால் மேஜை ஆடியது. அந்த வாடை எட்டாத இடம் பட்டறையில் ஒன்றே ஒன்று: மாடியில், துப்பாக்கி எஃகில் உருவம் செதுக்குகிறவர்களின் அறை. அங்கே ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

நாற்காலிக்கு விலை, ஒரு கார்டினால்.

போப்பாண்டவருக்கு அடுத்த படியில் இருந்த ஒரு பெரிய குருவின் பழைய அச்சுப்படம். முகம் செதுக்கப் பழகுகிறவர்கள் எல்லோரும் அவரைத்தான் கோட்டுக்குக் கோடு எஃகுத் தகட்டில் நகலெடுக்க வேண்டும். ஒர்சோலா பக்தியோடுதான் ஆரம்பித்தாள். ஆனால் எவ்வளவு பெரிய மகானையும் மாதக்கணக்கில் பூதக்கண்ணாடி வழியே பார்க்கக் கூடாது. எச்சில் ஊறிய கீழுதடு. தாடைக்கடியில் தொங்கும் சதை. மூக்குத் துவாரத்திலிருந்து எட்டிப்பார்க்கும் மயிர். அதை ஒவ்வொன்றாக அவளே நட வேண்டியிருந்தது. மத்தியானம் தட்டில் சோளக் களி விழுந்தால் அந்தத் தாடைதான் ஞாபகம் வந்தது.

கடைசியில் மிஞ்சியது இடது கன்னத்து மரு. கண்ணாடியை நெருக்கிப் பிடித்தாள். மற்ற இடமெல்லாம் மை கோடு கோடாக ஓடியிருக்க, மரு மட்டும் மொத்தையாகக் காகிதத்துக்கு மேலே பளபளத்தது. லேசாகச் சுரண்டினாள். மரு நகத்தோடு வந்துவிட்டது. முகர்ந்து பார்த்திருக்க வேண்டாம், பார்த்தாள்.

மரு இல்லாத தகட்டை எஜிதியோவிடம் கொண்டுபோனாள். அவன்தான் அறைக்குத் தலைமை, அவளைவிட இளையவன்.

"மரு எங்கக்கா?"

"மருவாவது மண்ணாவது. ஈ பேண்டு வச்சது. இந்தா பாரு," என்று விரலை நீட்டினாள்.

எஜிதியோ விரலைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தான். அங்கே அவனுடைய நகலும் அவனுக்கு முன்னால் பழகியவர்களின் நகல்களும் வரிசையாகத் தொங்கின. எல்லாக் கன்னத்திலும் மரு.

"என் மருவைப் பாக்கவே மிலானோலேருந்து ஆள் வந்திருக்காங்கக்கா," என்றான், குரலைத் தாழ்த்தி.

"வரட்டுமே. அதுக்கு நானும் ஈக்குப் பின்னாடி துடைக்கணுமா?"

"துடைச்சுட்டியே, அதான் தப்பு. எல்லார் தகட்டுலயும் இருக்கு, உன்னதுல மட்டும் இல்ல. முதலாளி என்ன சொல்வாரு? கை வரலம்பாரு. திரும்பக் கீழ போயி வார்னிஷ் அடிக்கிறியா?"

"த்தூ!"

"நல்லாத் துப்பு. துப்பிட்டு உளிய எடு."

பதில் சொல்ல வாயைத் திறந்தாள், இருமல்தான் வந்தது. அது அடங்கியதும் உளியை எடுத்தாள்.

பார்த்துச் செதுக்க இனி அசல் இல்லை. அது நகத்தடியில் இருந்தது. ஆனால் அதன் பளபளப்பு, ஓரத்து உலர்ந்த வெடிப்பு, அடியில் விழுந்த நிழல் எல்லாம் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்றன. குமட்டலை விழுங்கி விழுங்கி எல்லாவற்றையும் இறக்கி வைத்தாள்.

முதலாளி மறுநாள் வந்தார். உதட்டையும் மூக்கையும் சும்மா கடந்த அவர் கண் கன்னத்தில் நின்றது.

"அடேயப்பா! தொட்டா விரல்ல ஒட்டிக்கும் போலிருக்கே! எஜிதியோ, நீ செஞ்சது மரு. இதுக்கு உயிரே இருக்கு. அம்மா, நாற்காலி உனக்குத்தான்."

எஜிதியோ ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்தான். மற்றவர்கள் மருவைச் செதுக்கியிருந்தார்கள். இவள் ஒருத்திதான் உள்ளதைச் செதுக்கியிருந்தாள்.

ஒர்சோலா நன்றி சொல்லி உட்கார்ந்தாள். காற்று சுத்தமாக இருந்தது. மூச்சு தாராளமாக வந்தது, குமட்டலோடு.