கடைசி வீட்டு வெல்டிங் மெஷின்

ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்பில் இனி ஏறமாட்டேன் என்று நான் சொன்னபோது வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. விடியுமுன் தூக்குவாளியோடு நின்று, ஆள்மேல் ஆளாக மடங்கி உட்கார்ந்து, மலையேறிக் கேரளாவில் காய் எடுத்துவிட்டு இருட்டும்போது திரும்புகிற பிழைப்பு எனக்குப் போதும் போதும் என்றாகியிருந்தது. வெல்டிங் பயிற்சி முடித்துவிட்டேன். வாசலில் கொட்டகையும் போட்டாயிற்று. மெஷின்தான் பாக்கி. அது சரியாக அமையாவிட்டால் மறுபடியும் ஜீப்தான்.

கம்பத்தில் பட்டறை வைத்திருக்கும் என் அண்ணன், "மெஷின்னா நாலு பேரு சேந்து தூக்கணும் ஆத்தா" என்று என்னிடம் சொல்லி, தன் பழைய மெஷினைக் கொண்டுவந்து இறக்கினார். வெல்டிங் ராடை இரும்பில் வைத்ததும் தெரு விளக்குகள் மங்கின. பக்கத்து வீட்டு அக்காவின் கிரைண்டர் பாதி மாவோடு நின்றது. அடுத்த நொடி எங்கள் ஃபியூஸும் போயிற்று.

"எங்க வீட்டு மாவுல கை வைக்கிறதுக்கா வெல்டிங் படிச்ச?" என்று அக்கா வேலிக்கு மேலே எட்டிக் கத்தினார்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் வீடு கரண்ட் லைனில் கடைசி. காலையில் திராட்சைத் தோட்டத்து மோட்டார்களெல்லாம் ஓடும் நேரத்தில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். இருநூற்று முப்பது வோல்ட் வர வேண்டிய பிளக்கில் நூற்று எழுபதுதான் இருந்தது.

புது மெஷின் வாங்கத் தேனிக்குப் போனேன். கடைக்காரர், "எத்தன ஆம்பியர்ல வேணும்மா?" என்றார்.

"அது கெடக்கட்டும். நூத்தி எழுவது வோல்ட்டுல ஓடுமா, அதச் சொல்லுங்க."

காட்டியவற்றையெல்லாம் தள்ளிவிட்டு, ஒரு சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினின் முதுகில் அளவெல்லாம் பொறித்திருந்த தகட்டை நானே படித்தேன். நூற்று ஐம்பது வோல்ட்டிலும் ஓடும். ராடு முனையில் எண்பது ஆம்பியர் கொடுத்தாலும் லைனிலிருந்து இழுப்பது இருபதுக்குள்தான். முனையில் எரிவது வேறு, வீட்டு ஒயர் சுமப்பது வேறு என்று புரிந்ததுமே பாதி பயம் போய்விட்டது. அதையே வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். மீட்டரிலிருந்து கொட்டகைக்குத் தனியாகத் தடித்த ஒயரும் இழுக்க வைத்தேன்.

"இது மெஷினா, தூக்குச்சட்டியா?" என்று அண்ணன் சிரித்தார். அதே தூக்குச்சட்டியை இப்போது அவர் இரவல் கேட்டு வருகிறார், அது வேறு கதை.

மறுவாரம் காலையில் அந்த ஜீப்பே என் கொட்டகை முன் வந்து நின்றது. பின்படி ஒடிந்து தொங்கியது. பெண்களெல்லாம் இறங்கிவிட்டார்கள்.

"எல்லாரும் காத்துக்கிட்டு நிக்கிறாக, சட்டுனு பாரு ஆத்தா" என்றார் டிரைவர்.

மோட்டார்கள் ஓடும் நேரம். பக்கத்து வீட்டில் கிரைண்டரும் சுற்றிக்கொண்டிருந்தது. ஜீப்பின் பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லி, துருவைச் சுரண்டி, முகமூடியை இறக்கினேன். பொறி பிடித்துக்கொண்டது. படி முழுக்க ஒட்டி முடிக்கும்வரை கிரைண்டர் நிற்கவேயில்லை. அதன் கடகடப்பு கல்யாண மேளம் மாதிரி காதில் இனித்தது.

டிரைவர் படியில் ஏறிக் குதித்துப் பார்த்தார். "ஏறுறியா? ஒன் எடம் காலியாத்தான் கெடக்கு."

"வேற ஆள ஏத்திக்கங்கண்ணே. எனக்கு இங்கன வேல கெடக்கு."

பெண்கள் ஒவ்வொருவராக, நான் ஒட்டிய படியை மிதித்து ஏறினார்கள். ஜீப் என்னை விட்டுவிட்டுப் புறப்பட்டது.