லேடீஸ் சைக்கிளில் குடியம் குகை: ஆவடியிலிருந்து ஆற்று மணல் வழியாக, 1992

போன பதிவுக்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார்: "பூண்டி வழியா குடியம் குகைக்கு சைக்கிள்ல போகலாம்னு பிளான். லேடீஸுக்கு இந்த ரூட் ஒத்துவருமா மேடம்?" நல்ல எண்ணத்தில்தான் கேட்டிருக்கிறார். ஆனாலும் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. இந்தப் பஞ்சாயத்தை நான் 1992-லேயே பார்த்துவிட்டேன். அதனால் ஒரு வரியில் பதில் போடாமல் முழுப் பயணத்தையும் எழுதிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. வீடு ஆவடி தாண்டி முத்தாபுதுப்பேட்டை. வேலைக்குத் தினமும் லேடீஸ் சைக்கிள்தான், ஒரு வழிக்கே பதினைந்து கிலோமீட்டர். எங்கள் கம்பெனி மனமகிழ் மன்றம் பொங்கல் முடிந்ததும் குடியத்துக்கு ஒரு சைக்கிள் பயணம் நடத்தும். ஆண்கள் சைக்கிளில் போவார்கள். பெண்கள் வேனில், பிரியாணி அண்டாவைப் பிடித்துக்கொண்டு. நானும் இரண்டு வருஷம் அண்டா பிடித்தேன். வேன் திரும்பும்போதெல்லாம் அண்டா முழங்காலில் சாயும், சுடும். மூன்றாவது வருஷம் நோட்டீஸ் போர்டில் சைக்கிள் பக்கம் போய் என் பெயரை எழுதினேன்.

மன்றச் செயலாளர் தேவராஜ், லேத் பிரிவில் சீனியர். யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் சாவு என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்கிற மனுஷர். ஆனால் இது அவருக்குப் பிடிக்கவில்லை.

"இன்னாம்மா செல்வி, வெளாட்டா? ஆறு கீது, மணலு கீது, மலை கீது. நடுவால நீ உக்காந்துகினா யாரு தூக்கிகினு வர்றது?"

"நான் உக்கார மாட்டேண்ணா."

பத்து நாள் இழுத்தடித்துவிட்டு சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும் ஒரு நிபந்தனை போட்டார். "குகை வரிக்கும் உன் வண்டிய நீயே கொண்டாரணும். ஒரு தபா வேன்ல ஏத்துனாலும் சரி, வேற எவன் கை வெச்சாலும் சரி, அப்பால லேடீஸுக்கு வேனுதான். பேச்சே கெடையாது." சரி என்று சொல்லிவிட்டேன். காயில் பிரிவில் பதினான்கு பெண்கள். பாதிப் பேருக்கு மறுவருஷம் வர ஆசை. நான் தோற்றால் அவர்களுக்கும் சேர்த்துக் கதவு மூடிவிடும் என்பது எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு ஆவடி மார்க்கெட் எதிரில் கூடினோம். பதினேழு ஆண்கள், நான் ஒருத்தி. பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர் என்று தார் ரோடுதான், ஏற்றமே கிடையாது. திருநின்றவூரில் டீ ஒரு ரூபாய், பன் ஐம்பது காசு. திருவள்ளூரில் ஏழே காலுக்கு டிபன். நான்கு இட்லி, ஒரு வடை, நான்கு ரூபாய். அங்கிருந்து பூண்டி பதினொரு கிலோமீட்டர். இதையெல்லாம் இப்போது மவுண்டன் பைக் ரூட் என்கிறார்கள். எங்களிடம் அப்போது மவுண்டன் மட்டும்தான் இருந்தது. கியர் என்றால் லாரியில் இருப்பது.

பூண்டி அணைக்குக் கீழே கொசஸ்தலை ஆறு. வேன் அணை ரோட்டில் சுற்றி அக்கரைக்குப் போய்விடும். சைக்கிள்காரர்கள் ஆற்றில் இறங்கித்தான் கடக்க வேண்டும், அதுதான் இந்தப் பயணத்தின் பெருமை. ஆற்றங்கரை வண்டல் நிலத்தில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. வேர்க்கடலை வயல் ஓரம் ஒற்றையடிப் பாதை, அப்புறம் இரண்டு பக்கமும் நாணல், வண்டல் காய்ந்து பாளம் பாளமாக வெடித்த தரை. தடதடவென்று ஓட்டினேன். முன்னால் போன இரண்டு பேரை முந்தவும் செய்தேன், பெல் அடித்துவிட்டுத்தான்.

மணல் தொடங்கியதும் கதை மாறியது. சக்கரம் பாதி புதைந்து நின்றுவிட்டது. கரையிலிருந்து கரைக்குக் கால் கிலோமீட்டராவது இருக்கும், நடுவில் முழங்கால் அளவு தண்ணீர். ஆண்கள் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி இறங்கி, சீட்டுக்கு முன்னால் போகும் குறுக்குப் பாருக்கு அடியில் கையை நுழைத்து, வண்டியைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள். நானும் இறங்கினேன். கையை நுழைக்கப் பார்த்தேன். லேடீஸ் சைக்கிளுக்குப் பார் ஏது? வளைந்த கம்பியைத் தோளில் வைத்தால் வண்டி முன்னால் சரிகிறது, பெடல் இடுப்பில் இடிக்கிறது, ஹாண்டில் திரும்பி மூக்கில் அடிக்கிறது. தள்ளிப் பார்த்தேன், பத்தடிக்கு மேல் நகரவில்லை. தினமும் மிதித்து மிதித்துப் பழகியவளுக்கு, கிளம்பும் முன் ஒருமுறை தூக்கிப் பார்க்கத் தோன்றவே இல்லை. என் மேலேயே எனக்கு அப்படி ஒரு எரிச்சல்.

ஆற்றின் பாதியிலிருந்து தேவராஜ் அண்ணன் திரும்பிப் பார்த்தார். "செல்வி, வேன் இன்னும் மேலதான் நிக்குது. ஏத்திக்கோம்மா. ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் எனக்கு ரோஷம் வந்தது.

எங்கள் வீட்டில் நான் வேலைக்குப் போகும்வரை எல்லாருக்கும் கூலி வேலைதான். அம்மா நெல்லுக்கட்டு சுமப்பாள், வயல் வேலை இல்லாத நாளில் கட்டட வேலையில் செங்கல் சுமப்பாள். பதினாறு வயசு வரை நானும் புல்லுக்கட்டு சுமந்தவள்தான். கம்பெனி வேலை கிடைத்த அன்று அம்மா, "இனிமே உன் தலைமேல ஒண்ணும் ஏறக் கூடாது" என்றாள். கம்பெனியில் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வெட்கமா என்றால், ஆமாம், வெட்கம்தான்.

துப்பட்டாவை உருவினேன். பதினேழு ஆண்கள் நடுவே அதைச் செய்யவே ஒரு மூச்சு இழுத்துவிட வேண்டியிருந்தது. இறுக்கி முறுக்கிச் சும்மாடு சுற்றித் தலையில் வைத்தேன். சைக்கிளைப் படுக்கப் போட்டு, சீட்டுக்குக் கீழே கம்பிகள் சேரும் இடத்தில் கை கொடுத்து, முதலில் தொடைக்கு, அப்புறம் தலைக்கு. ஹாண்டில் திரும்பாமல் இருக்க ஒரு கை, பின் சக்கரத்தில் ஒரு கை. பதினெட்டு கிலோ இருக்கும். ஈரப் புல்லுக்கட்டு இதைவிடக் கனம்.

அசெம்பிளியில் வேலை செய்யும் குமார் பின்னால் வந்துகொண்டிருந்தான். "டேய், சித்தாளு மாரி தூக்கிகினு போவுது பார்ரா!" என்று கத்தினான். நான்கைந்து பேர் சிரித்தார்கள்.

"சித்தாளு பொண்ணுதான்டா. வழி உடு," என்றேன்.

சிரிப்பு நின்றது. நான் நடந்தேன். தோளில் தொங்கும் வண்டி ஒவ்வொரு அடிக்கும் ஆடும், தலையில் இருக்கும் பாரம் ஆடாது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, குட்டி மீன்கள் கணுக்காலைக் கொத்தின. மற்றவர்கள் தோள் மாற்றி மாற்றி நின்றார்கள். நான் நிற்கவில்லை. நின்றால் மறுபடி நடக்கத் தைரியம் வருமா என்று பயம். அக்கரை சேர்ந்ததில் நான் நான்காவது ஆள்.

தேவராஜ் அண்ணன் தோளைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இது செல்லாதும்மா. சைக்கிள் பயணத்துல தலைல தூக்கிகினு வந்தா எப்பிடி?"

"தலைல வந்தா இன்னா, தோள்ல வந்தா இன்னாண்ணா? ஆத்துல யாரு டயரு உருண்டுச்சு?"

இந்தத் தடவை சிரிப்பு என் பக்கம் வந்தது. அவருக்கும் உதடு துடித்தது. "சரி சரி, மலை கீதில்ல, பாத்துக்கலாம்," என்று எழுந்தார்.

அக்கரையிலிருந்து குடியம் ஊர் வரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் செம்மண் ரோடு. கிருஷ்ணா தண்ணீருக்குக் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்த காலம், வழியெல்லாம் மண் மேடு, லாரிப் புழுதி. ஊரில் குடத்துத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தோம். வேன் அதோடு நின்றுவிடும். அதற்கப்புறம் மூன்று கிலோமீட்டர் காட்டுப் பாதை, இரண்டு பக்கமும் முள்ளுப் புதர், தரை முழுக்க உருண்டைக் கூழாங்கல். பாதி ஓட்டல், பாதி தள்ளல். பார் இல்லாத வண்டி இங்கே வசதி. கல் உருண்டதும் சட்டென்று இரண்டு காலையும் ஊன்றிவிடலாம். பார் வண்டிக்காரர்கள் எங்கே இடித்துக்கொண்டார்கள் என்பதை நான் எழுதப் போவதில்லை.

பதினொன்றே முக்காலுக்குக் குகை வாசலில் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டேன். கூழாங்கல் பதித்த பெரிய பாறை, குடை மாதிரி கவிந்து நிற்கும். மேலே தேன்கூடுகள். ஆதி மனிதர்கள் தங்கிய இடம் என்கிறார்கள். எனக்கு அதெல்லாம் அப்போது மனதில் ஏறவில்லை. வேனில் வந்த வசந்தா, என் பக்கத்து மெஷின்காரி, ஊரிலிருந்து நடந்தே மேலேறி வந்தாள். என் சைக்கிளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கட்டிப்பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை.

ராத்திரி வீட்டில் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. அம்மாவிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. முகம் இறுகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரு தூக்கி உட்டது?"

"நானேதான்."

"எறக்கி உட்டது?"

"அதுவும் நான்தான்."

"அப்பச் சரி," என்று எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து கழுத்தை நீவிவிட்டாள். யாரோ ஏற்றிவைத்த பாரம் வேறு, நானே ஏற்றிக்கொண்டது வேறு என்று அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: பொங்கலுக்குப் பிறகு மாசி முடிவதற்குள் போங்கள். அணையில் தண்ணீர் திறக்கிறார்களா என்று விசாரிக்காமல் ஆற்றில் கால் வைக்காதீர்கள். தண்ணீர் முழங்காலுக்கு மேல் இருந்தால் ஆறு வேண்டாம், ரோட்டிலேயே சுற்றிப் போகலாம், கௌரவம் ஒன்றும் குறையாது. வண்டலில் டயர் காற்றைக் கொஞ்சம் இறக்குங்கள், ரோட்டுக்கு வந்ததும் அடித்துக்கொள்ளுங்கள். பம்பும் பஞ்சர் சாமானும் கையில் வேண்டும், குடியத்தில் கடை கிடையாது. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். குகைக்குக் கீழே சிகரெட், சாம்பிராணி எதுவும் கூடாது, தேனீ கலைந்தால் ஓட இடமில்லை. காட்டுக்குள் போக இப்போது அனுமதி வேண்டுமா என்று வனத்துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் உங்கள் வண்டியை ஒருமுறை தூக்கிப் பாருங்கள். எப்படித் தூக்குவது என்பது உங்கள் இஷ்டம்.

மறுவருஷம் நோட்டீஸ் போர்டில் சைக்கிள் பக்கம் ஏழு பெண்கள் பெயர் எழுதினோம். மீதி ஏழு பேரும் அந்த வருஷம் வர முடியாது என்றுவிட்டார்கள். அண்டாவைப் பிடித்துக்கொண்டு வேனில் யார் போவது என்று மன்றத்தில் ஒரு மணி நேரம் பேசினார்கள். ஒரு ஆம்பளையும் நான் போகிறேன் என்று சொல்லவில்லை. கடைசியில் தேவராஜ் அண்ணன்தான் போனார்.