தீங்க, வெளிய வாங்க

காலை ஒன்பது நாற்பதுக்கு, காங்கேயத்தில் நான் பாடம் நடத்தும் பள்ளிக்குத் தொலைபேசி வந்தது. கோயமுத்தூர் காந்திபுரத்தில் என் மகள் சுதா வரவேற்பில் வேலை பார்க்கும் ஓட்டலின் மேனேஜர் பேசினார்.

“ஒண்ணும் பயப்படாதீங்க டீச்சர். ஒரு எட்டு வந்துட்டுப் போங்க.”

“என்னங்க ஆச்சு?”

“வந்து பாத்துக்கலாமுங்க. சாப்டுட்டே வாங்க.”

அதைக் கேட்ட பிறகுதான் விஷயம் பெரிது என்று புரிந்தது. போன இடத்தில் சோறு இறங்காது என்று தெரிந்தால்தான் எங்கள் பக்கத்தில் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்வார்கள்.

பத்தேகால் பஸ் கிடைத்தது. எழுபது கிலோமீட்டர் சொச்சம். டிக்கெட் பதினான்கு ரூபாய். பக்கத்து இருக்கை அம்மாள் மடியில் தேங்காய் எண்ணெய் டின் இருந்தது.

“ஏனுங்க, மூஞ்சி வாடிக் கெடக்குது?”

“புள்ளயப் பாக்கப் போறேனுங்க.”

“அட, நல்ல காரியந்தானுங்களே!” என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

பதினொன்றேகாலுக்குப் பல்லடம். விசைத்தறிச் சத்தம் ஜன்னலோரம் கூடவே வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை சுதா ஊருக்கு வந்து சொன்னதை நினைத்துக்கொண்டேன். நகரத்தில் குண்டுகள் வெடித்த வருஷம் அது. ஓட்டல்களுக்கு உத்தரவுக்கு மேல் உத்தரவு. வாசலில் பை சோதனை, மாடிதோறும் தீயணைப்பான், மணல் வாளி. அந்நியர் ஏறக் கூடாதென்று பின்படிக்கட்டைப் பூட்டச் சொன்னது ஓர் உத்தரவு. தீப்பிடித்தால் இறங்க வேண்டுமென்று திறக்கச் சொன்னது இன்னொன்று. கடைசியில் உள்ளிருந்து மட்டும் திறக்கும் தாழ்ப்பாள் போட்டார்களாம்.

ஊழியர்களுக்குப் பயிற்சி தர ஓய்வுபெற்ற தீயணைப்பு அதிகாரி ஒருவர் வந்திருக்கிறார். “தீ! வெளியே வா!” என்று ஒவ்வொருவரையும் கத்தச் சொன்னார். சுதாவின் முறை வந்தது. “தீங்க, வெளிய வாங்க” என்றாளாம்.

“என்ன அம்மணி, விருந்துக்கா கூப்பிடுறே?” என்று அவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். “பெரியவங்கள எப்படிம்மா வான்னு சொல்றது?” என்று அவள் என்னிடம் கேட்டபோது நானும் அவளோடு சேர்ந்து சிரித்தேன்.

சூலூர் தாண்டி போலீஸ்காரர்கள் பஸ்ஸை நிறுத்தினார்கள். “தப்பா நெனைக்காதீங்கம்மா” என்று சொல்லி எண்ணெய் டின்னைத் திறந்து முகர்ந்து பார்த்தார்கள். கால் மணி நேரம் போயிற்று.

இறங்கி ஆட்டோ பிடித்து ஓட்டலுக்குப் போனபோது மணி ஒன்று. வெளியேறும் வழிகாட்டும் பச்சை அம்புகள் புதிதாய் மின்னின. அவற்றுக்கு மேல் சுவர் கூரைவரை கறுத்திருந்தது. சுதாவின் நாற்காலியில் ஆள் இல்லை.

மேனேஜர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். “ஜெனரேட்டர் ரூம்ல புடிச்சுதுங்க. தீ சின்னதுதான், பொகதான் மேல ஏறிப்போட்டுது. எல்லாரும் பின்படியில எறங்கிட்டாங்க. மூணாவது மாடில ஒருத்தர் மட்டும் வரலீங்க. உங்க பாப்பா அவரக் கூப்பிட மறுபடி ஏறிருச்சு. தீயணைப்புக்காரங்கதான் ரெண்டு பேரையும் தூக்கிட்டு வந்தாங்க.”

ஆஸ்பத்திரியில் மூக்கிலும் வாயிலும் குழாயோடு கிடந்தாள். என்னைப் பார்த்ததும் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. புகை தொண்டையைச் சுட்டுவிட்டது என்றார் டாக்டர். மாதங்கள் போய்விட்டன. இன்றும் அவள் பேசுவது வெறும் காற்றாகத்தான் வருகிறது. அம்மா என்று அவள் கூப்பிட்டால், பக்கத்து அறையில் இருக்கும் எனக்குக் கேட்பதில்லை.

அன்று மாலை நாலரை இருக்கும். அறுபது வயதுக்காரர் ஒருவர், ஈரத்தில் கசங்கிக் காய்ந்த வேட்டியும் கரி படிந்த பனியனுமாக, செருப்பில்லாமல் ஆஸ்பத்திரி அறை வாசலில் வந்து நின்றார். அன்னூர்க்காரர், பருத்தி வியாபாரி. மூன்றாவது மாடியில் தங்கியிருந்தவர் அவர்தான். லேசான மயக்கத்தோடு தப்பியிருந்தார். நான் நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. சுதாவை நிமிர்ந்து பார்க்க முடியாமல் என்னிடம்தான் சொன்னார்.

“மூணு தடவ கதவத் தட்டுச்சுங்க. ‘சிரமத்துக்கு மன்னிக்கோணுங்க, கொஞ்சம் கீழ வந்துட்டுப் போயிருங்க’ன்னுச்சு. எதோ சோதனையாட்டம் இருக்குதுன்னு, குளிச்சுப்போட்டு வாரேன் கண்ணுன்னேன். சரீங்கன்னு வெளியவே நின்னுருக்குதுங்க. ஒரு அதட்டு அதட்டியிருந்தா, துண்டோட ஓடியாந்திருப்பேனுங்களே அம்மா.”