வாயைத் திறந்தே வைங்க

"நல்லா ஆ காட்டுங்க. தலை போன கவலை மீன் பிடிக்கும். ரெண்டெழுத்து" என்று சொல்லிக்கொண்டே பல் டாக்டரம்மா குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டார்.

நாற்காலியில் மல்லாந்திருந்த தையல்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பயப்படாதீங்க, உங்க தலை இல்லை. கவலையில முதல் எழுத்தை வெட்டுங்க. வலை! புதிர் போடறவன் என்னமா வெச்சிருக்கான் பாருங்க!" டாக்டரம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நல்லவேளை, துளைக்கிற கருவியை இன்னும் கையில் எடுக்கவில்லை.

அன்றாடம் இதே கூத்துதான். நாளிதழின் குறுக்கெழுத்துப் புதிரை நாலாக மடித்து விளக்குக் கம்பியில் கிளிப் போட்டு மாட்டியிருப்பார். குறிப்பை உரக்க வாசித்தால்தான் அவருக்குப் புத்தி ஓடும். ஆனால் யாரும் விடையைச் சொல்லிவிடக் கூடாது. கணவர் முந்திக்கொள்வார், வரவேற்பில் இருக்கும் நாத்தனார் அதைவிட மோசம். "வாயைத் திறந்து வெச்சிருக்கிறவங்கதான் எனக்குத் தோது. காது கேக்கும், பேச முடியாது பாருங்க!" யார் உதவியும் இல்லாமல் கட்டங்களை நிரப்பிய நாளுக்குக் காலண்டரில் ஒரு நட்சத்திரம். நேற்றோடு வரிசையாகத் தொண்ணூற்றொன்பது. யாராவது ஒரு விடையை உளறினாலும் மறுபடி ஒன்றிலிருந்துதான்.

இன்று ஒரே ஒரு குறிப்பு பாக்கி. "ரெண்டு உறுப்பு சேர்ந்து வயலுக்கு ஓடும். அஞ்செழுத்து. கண்ணு, மூக்கு, தோளு... ம்ஹூம்!"

தையல்காரருக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. வாயும் காலும் சேர்ந்தால் வாய்க்கால்! சந்தோஷம் தாங்காமல் திறந்த வாயைத் தொட்டுக் காட்டினார். "வலிக்குதா?" இன்னொரு ஊசி விழுந்தது. காலைத் தூக்கி உதறினார். "மரத்துப்போச்சா? கொஞ்சம் மடக்கி வைங்க." ஊர்ப்பட்ட வாயைப் பார்க்கிறவருக்கு இந்த ஒரு வாய் மட்டும் கண்ணில் படவில்லை.

பல்லை அடைத்தாயிற்று. பஞ்சையும் எடுத்தாயிற்று. தையல்காரர் கொப்பளித்துத் துப்பிவிட்டு, குஷியாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "டாக்டரம்மா, அது வந்து..."

"ஐயையோ, சொல்லிடாதீங்க! இன்னிக்கு நூறாவது நாளுங்க!" டாக்டரம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அழுதுவிடுவார் போலிருந்தது.

தையல்காரர் காலண்டரைப் பார்த்தார். கடையில் வந்து காத்திருப்பவர்களை நினைத்துக்கொண்டார். பிறகு பழையபடி மல்லாந்து படுத்து வாயை அகலமாகத் திறந்தார்.

டாக்டரம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. விளக்கைக் கீழே இழுத்து, திறந்திருந்த வாய்க்கு நேராகக் குனிந்து ஆரம்பித்தார்: "ரெண்டு உறுப்பு..."